கானாடுகாத்தான் வீட்டுக்கு எந்த டிரெட்மில்?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கானாடுகாத்தானில் பெரிய வீடு, இருப்பது அவருடைய அப்பாவும் அம்மாவும், அதாவது அப்பச்சியும் ஆத்தாவும் மட்டும். அப்பச்சிக்கு வயது 68, எடை 82 கிலோ, பல வருடமாகச் சர்க்கரை. ஆத்தாவுக்கு 63, முழங்கால் வலி. இருவரையும் தினம் நடக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர். தெருவில் இறங்கினால் நாய், காலை எட்டு மணிக்கே வெயில். அதனால் 50,000 ரூபாய்க்குள் ஒரு டிரெட்மில் வாங்கி மாடி அறையில் போட்டுவிடலாம் என்று நினைக்கிறார். கடையில் 4 ஹெச்பி மோட்டார் உள்ளதை எடுக்கச் சொல்கிறார்களாம். எது வாங்கலாம்?

தம்பி, மாடியில் போடாதீர்கள். எந்த மாடல் என்பதை அப்புறம் பார்க்கலாம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். காரைக்குடியில் உடற்பயிற்சி மெஷின்களைச் சர்வீஸ் செய்வதுதான் என் தொழில். பெல்ட்டைக் கழற்றி அடியில் உள்ள பலகையைப் பார்த்தாலே அந்த வீட்டில் எவ்வளவு நடந்திருக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். கால் விழும் இடத்தில் பலகை தேய்ந்து மழமழப்பாக இருந்தால் நடந்திருக்கிறார்கள். மாடியிலும் பின்கட்டிலும் போட்ட மெஷின்களில் பலகை அப்படியே புதிதாக இருக்கும், டிஸ்ப்ளே மேல் ஒட்டி வந்த பிளாஸ்டிக் தாளைக்கூட உரித்திருக்க மாட்டார்கள். மோட்டார் மூடியைத் திறந்தால் எலி கடித்த வயர். முழங்கால் வலிக்கிற ஆத்தா செங்குத்தான மாடிப்படி ஏறிப் போய் நடப்பார் என்று எதிர்பார்ப்பதே தப்பு. தனியாக மாடியில் நடக்கும்போது தலை சுற்றினால் கீழே இருப்பவருக்குச் சத்தமும் கேட்காது.

அப்படியானால் எங்கே? நம் வீடுகளில் இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனால் தோதான இடம் குறைவு. வளவுப் பத்தியில், அதாவது திறந்த முற்றத்தைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தில் போட்டால் காற்று நன்றாக வரும், ஐப்பசி கார்த்திகையில் சாரலும் வரும். செம்மண் தூசி எப்போதும் வரும். போதாததற்கு, பின்னால் ஒரு தூண் நிற்கும். டிரெட்மில்லில் விழுகிறவர்கள் பெரும்பாலும் பின்பக்கமாகத்தான் தள்ளப்படுவார்கள். அதனால் மெஷினுக்குப் பின்னால் 2 மீட்டர், இரண்டு பக்கமும் அரை மீட்டர் காலியாக இருக்க வேண்டும். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் இதற்கு இடம் போதாது, உயரமான நிலைப்படியைத் தாண்டி உள்ளே கொண்டுபோவதும் பெரும்பாடு. வளவுக்கு அடுத்துள்ள இரண்டாங்கட்டு ஹாலில், டிவி இருக்கும் இடத்தில், அடுப்படியில் இருப்பவர் கண்ணில் படும்படி போடுவதுதான் என் யோசனை. வீட்டின் அழகு கெடும் என்று அப்பச்சி முதலில் முகம் சுளிக்கலாம். பழகிவிடும்.

ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட சிமென்ட் டைல்) பாவிய தரை என்றால் ஒரு விஷயம். பெட்டியோடு மெஷின் 60 முதல் 80 கிலோ வரை இருக்கும். டெலிவரிக்கு வரும் பையன்கள் முகப்பிலிருந்து தரையோடு இழுத்துக்கொண்டு வருவார்கள், விடாதீர்கள். நாலு பேராகத் தூக்கித்தான் வர வேண்டும். மெஷினுக்கு அடியில் கனமான ரப்பர் பாய் அவசியம், அதிர்வும் சத்தமும் குறையும். ஆனால் கருப்பு ரப்பர் நேரடியாகச் சிமென்ட் கல்லில் மாதக்கணக்கில் கிடந்தால் கறை விடக்கூடும். கல்லுக்கும் பாய்க்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகை போட்டுவிட்டால் கறையும் இல்லை, எடையும் ஒரே கல்லில் இறங்காது.

இப்போது கரண்ட். பழைய வீடுகளில் தேக்குச் சட்டத்தின் மேல் ஓடும் வயரிங் இன்னும் பல இடங்களில் அப்படியே இருக்கிறது. விளக்குக்கும் ஃபேனுக்கும் போட்டது அது, பாதி இடத்தில் எர்த்தே கிடையாது. டிரெட்மில்லுக்கு மெயின் போர்டிலிருந்து தனி லைன் இழுங்கள்: 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி, 16 ஆம்பியர் பிளக் பாயின்ட், அதற்கென்று ஒரு எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), ஒழுங்கான எர்த். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். அதில் பிளக் உருகி ஒட்டிக்கொண்ட மெஷினை நிறையப் பார்த்தாயிற்று. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டலாமா என்றும் கேட்பார்கள், அது தாங்காது. கரண்ட் போனால் பெல்ட் சட்டென்று நிற்கும், நடக்கிற வேகத்தில் கைப்பிடியைப் பிடித்துச் சமாளித்துவிடலாம். வோல்டேஜ் ஏறி இறங்கும் தெருவாக இருந்தால், மெஷினின் வாட்ஸுக்கு ஏற்ற ஸ்டெபிலைசர் ஒன்று வைத்துவிடுங்கள். இதில் முதலில் சாகிறது மோட்டார் அல்ல, அதை இயக்கும் கன்ட்ரோல் போர்டு. அதன் விலையைக் கேட்டால் ஸ்டெபிலைசர் சும்மா கிடைத்த மாதிரி இருக்கும்.

பில்லைப் பற்றிக் கவலை வேண்டாம். நடக்கிற வேகத்தில் அரை மணி நேரத்துக்கு அரை யூனிட்கூட ஆகாது.

சரி, 4 ஹெச்பி கதைக்கு வருவோம். ஒரு ஹெச்பி என்றால் 746 வாட்ஸ். 4 ஹெச்பி என்றால் ஏறத்தாழ 3,000 வாட்ஸ். அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் அப்படிப் போட்டிருப்பார்கள். மெஷினின் முன்பக்கம், பவர் கார்டு நுழையும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பாருங்கள். 1,100 வாட்ஸ், 1,500 வாட்ஸ் என்று இருக்கும். அதை 746-ஆல் வகுத்தால் ஒன்றரை அல்லது இரண்டு ஹெச்பிதான் வரும். 4 என்பது ‘பீக்’, அதாவது மோட்டார் ஒரு நொடி திணறும்போது தொடக்கூடிய உச்சம். தொடர்ந்து தரக்கூடியது எவ்வளவு என்று கேளுங்கள், ‘கன்டினியூவஸ்’ என்பார்கள். கடைக்காரர் மழுப்பினால் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 4 ஹெச்பி என்று சொல்லிவிட்டு 6 ஆம்பியர் சின்ன பிளக் வைத்த மெஷினையும் விற்கிறார்கள். அந்தப் பிளக் வழியாக 1,400 வாட்ஸுக்கு மேல் போகவே கூடாது, பிறகு 4 ஹெச்பி எங்கிருந்து வரும்?

உங்கள் அப்பச்சி ஓடப் போவதில்லை. 82 கிலோ ஆள், மணிக்கு 3 முதல் 5 கிலோமீட்டர் வேகம். அதற்குத் தொடர்ந்து ஒன்றரை முதல் இரண்டு ஹெச்பி தரும் மோட்டார் தாராளம். மெதுவாக நடக்கும்போதுதான் மோட்டாருக்குச் சுமை குறைவு என்று நினைக்கிறோம். உண்மையில் கனமான ஆள் மிக மெதுவாக நடந்தால், ஒவ்வொரு அடிக்கும் பெல்ட் பலகையோடு அழுந்தி மோட்டார் கஷ்டப்படும். அதனால் ரொம்பச் சின்ன மோட்டாரும் ஆகாது. எடை வரம்பு என்று போட்டிருப்பதில் 25, 30 கிலோவைக் கழித்துவிட்டு மீதியை நம்புங்கள். அந்தக் கணக்கில் 110 கிலோவுக்குக் குறைவாகப் போட்ட மெஷினை எடுக்க வேண்டாம்.

மிச்சப் பணத்தை அகலத்துக்கும் கைப்பிடிக்கும் செலவிடுங்கள். ஓடுகிறவர்களுக்குத்தான் 140 சென்டிமீட்டர் நீளம் வேண்டும், நடக்க 120 போதும். ஆனால் அகலம் 45-க்குக் குறையக் கூடாது, வயதானவர்களின் நடை கொஞ்சம் பக்கவாட்டில் அலையும். கைப்பிடி முன்னால் மட்டும் குட்டையாக நீட்டிக்கொண்டிருந்தால் பயனில்லை, இரண்டு பக்கமும் நீளமாக வர வேண்டும். ஏறி நிற்கும் பலகையின் உயரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. வேகம் 0.8 அல்லது 1 கிலோமீட்டரில் தொடங்க வேண்டும், 0.1 அளவில் கூட்ட முடிய வேண்டும். நிறுத்தும் பட்டன் சிவப்பாக, பெரிதாக, கண்ணாடி போடாமலே தெரிகிற மாதிரி இருக்க வேண்டும். ப்ளூடூத், ஸ்பீக்கர், செயலி, 36 புரோகிராம் எல்லாம் அப்பச்சி தொடப்போவதில்லை.

மோட்டார் இல்லாத டிரெட்மில் விலை மலிவு என்று யாராவது சொல்வார்கள். அதில் பெல்ட்டைக் காலால் தள்ளித்தான் நகர்த்த வேண்டும், கெண்டைக்காலும் முழங்காலும் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். கைப்பிடியே இல்லாமல் தட்டையாக வரும் வாக்கிங் பேடும் இந்த வயதுக்கு ஆகாது. மடக்கும் வசதி உங்கள் வீட்டுக்குத் தேவையே இல்லை, ஆனால் இந்த விலையில் எல்லாமே மடக்குகிற மாதிரிதான் வருகிறது.

பிராண்டுப் பெயர் சொல்லாமல் தப்பிக்கிறேன் என்று நினைக்காதீர்கள். ஒரே தொழிற்சாலையில் செய்த மெஷின் வேறு வேறு பெயரில் வருவது சகஜம். நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கோளாறு என்றால் ஆள் எங்கிருந்து வருவார்? இங்கிருந்து மதுரையும் திருச்சியும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டும் 90 கிலோமீட்டர் வாக்கில். ‘இந்தியா முழுக்க சர்வீஸ்’ என்பதில் கானாடுகாத்தான் இருக்கிறதா என்று பின்கோடு சொல்லிக் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். மோட்டாருக்கு எத்தனை வருட வாரண்டி என்று பெருமையாகச் சொல்வார்கள். போர்டுக்கும் பெல்ட்டுக்கும் எத்தனை என்று நீங்கள்தான் கேட்க வேண்டும்.

ஆத்தாவைப் பற்றி. மூட்டுத் தேய்மானத்துக்கு நடை நல்லதுதான், தொடை முன்தசை பலப்பட்டால் முழங்காலுக்குச் சுமை குறையும். நடந்த பிறகு லேசாக வலித்து, மறுநாள் சரியாகிவிட்டால் கவலையில்லை. மறுநாள் வலி கூடினாலோ மூட்டு வீங்கினாலோ அளவைக் குறைக்க வேண்டும். பாதி நேரமாவது சைக்கிளுக்கு மாறுவது சிலருக்கு ஒத்துக்கொள்ளும். முழங்கால் டாக்டரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ ஒரு தடவை கேட்டுவிட்டு, இருவருக்கும் டிரெட்மில்லா, அல்லது அப்பச்சிக்கு மட்டும் டிரெட்மில்லும் ஆத்தாவுக்குச் சாய்ந்து உட்காரும் சைக்கிளுமா என்று முடிவு செய்யுங்கள்.

ஆத்தாவின் உடையையும் இப்போதே பேசிவிடுவது நல்லது. கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு பெல்ட் மேல் ஏறக் கூடாது. முந்தானையோ கொசுவமோ பின் ரோலரில் மாட்டினால் இழுத்துக்கொண்டு போய்விடும். அப்பச்சியின் வேட்டியும் அப்படித்தான், நைட்டியும் அப்படித்தான். ஆச்சிமார் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் சுடிதாரில் பழகிக்கொள்வார்கள். வெறுங்காலும் கூடாது. பல வருடச் சர்க்கரையில் பாதத்தில் உணர்ச்சி குறைந்திருக்கலாம், பெல்ட் உரசிக் கொப்புளம் வந்தாலும் தெரியாது. மெஷினுக்கென்றே ஒரு ஜோடி ஷூ, நடந்து முடித்ததும் காலைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம், இரண்டும் வேண்டும்.

அப்பச்சி நடக்கத் தொடங்குமுன் இதய டாக்டரை ஒரு முறை பார்க்கட்டும். அங்கே எடுக்கும் டிஎம்டி பரிசோதனையும் டிரெட்மில்லில்தான். அமெரிக்க இதய மருத்துவர் ராபர்ட் புரூஸ் 1960-களில் வகுத்த முறைதான் இன்றும் பெரும்பாலும் நடக்கிறது: 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 2.7 கிலோமீட்டரில் தொடங்கி, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை ஏற்றமும் வேகமும் கூடும். ஆளைக் களைக்க வைத்து இதயம் எப்படித் தாங்குகிறது என்று பார்ப்பதற்கென்றே செய்தது அது, பக்கத்தில் டாக்டர் நிற்பார். ‘ஆஸ்பத்திரியில் நாலாவது கட்டம் வரை போனேன்’ என்று வீட்டில் அதையே செய்து பார்க்கும் ஐயாக்களை எனக்குத் தெரியும். அப்பச்சி தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவராக இருந்தால் இன்னும் மோசம். குன்றக்குடியிலிருந்து நடந்தவனுக்கு இந்த மெஷின் எம்மாத்திரம் என்று எடுத்த எடுப்பிலேயே 5-ல் வைப்பார். சாலையில் நாம் நின்றால் நின்றுவிடலாம், இங்கே நாம் நின்றாலும் பெல்ட் நிற்காது. இது உடம்புக்குப் பிடிபடவே சில நாள் ஆகும்.

முதல் வாரம் காலையில் 5 நிமிடம், மாலையில் 5 நிமிடம் போதும். வேகம் 2 அல்லது 2.5. ஏறும்போது இரண்டு காலையும் ஓரச் சட்டங்களில் வைத்துக்கொண்டு ஸ்டார்ட் அழுத்த வேண்டும். பெல்ட் மெதுவாக நகரத் தொடங்கியதும்தான் கால் வைக்க வேண்டும். சிவப்பு சாவியின் கயிற்றுக் கிளிப்பைச் சட்டையில் மாட்டியே தீர வேண்டும். ஆள் பின்னால் நழுவினால் சாவி பிடுங்கிக்கொண்டு மெஷின் தானாக நிற்கும். நான் போகும் வீடுகளில் பெரும்பாலும் அந்தக் கிளிப் கைப்பிடியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும், அது எதற்கென்றே பலருக்குத் தெரியாது. இறங்கும்போது வேகத்தை ஒன்றுக்குக் கொண்டுவந்து, ஓரிரு நிமிடம் நடந்து, பெல்ட் முழுதாக நின்ற பிறகு இறங்க வேண்டும். உடனே தரையில் நின்றால் தரை நகர்வது போல் இருக்கும், கைப்பிடியைப் பிடித்தபடி கொஞ்சம் நிற்கட்டும்.

பிறகு வாரத்துக்கு வாரம் சில நிமிடங்கள் கூட்டிக்கொண்டே போய், ஒரு நாளைக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள் என்று வந்தால் 150 நிமிடம். பெரியவர்களுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்த அளவு அதுதான். முதலில் நேரத்தைக் கூட்டுங்கள், அப்புறம் வேகம், கடைசியாக ஏற்றம். வேகம் சரிதானா என்று பார்க்க எளிய வழி, நடந்துகொண்டே ஆத்தாவோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. கைப்பிடியில் உள்ள இதயத் துடிப்பு எண்ணை நம்ப வேண்டாம். பிரஷருக்கோ இதயத்துக்கோ பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குத் துடிப்பு எப்படியும் அவ்வளவாக ஏறாது. கைப்பிடியில் தொங்கிக்கொண்டு நடந்தால் பாதி எடையைக் கை தாங்கிவிடும். தொட்டுக்கொண்டால் போதும், தடுமாறும் நாட்களில் மட்டும் பிடித்துக்கொள்ளட்டும்.

சர்க்கரைக்கு 30 நிமிடமும் ஒரே மூச்சில்தான் நடக்க வேண்டும் என்பதில்லை. சாப்பிட்ட பிறகு 10, 15 நிமிடம் மெதுவாக நடப்பது, ஏறும் சர்க்கரையைத் தணிக்க நன்றாக உதவுகிறது. மெஷின் இரண்டாங்கட்டில் இருந்தால் இரவுச் சாப்பாடு முடித்து, ஷூவை மாட்டி, செய்தி பார்த்துக்கொண்டே இதைச் செய்துவிடலாம். இன்சுலினோ, சர்க்கரையைத் தாழ்த்தக்கூடிய மாத்திரையோ எடுத்தால், நடக்குமுன் ஒருமுறை சோதிக்கட்டும். 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, கண் இருட்டல், எது வந்தாலும் உடனே நிறுத்திவிட்டு டாக்டர்தான். நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது.

டிஸ்ப்ளேயில் கலோரி என்று ஓடும் எண் வெறும் மதிப்பீடு. 70 கிலோ ஆள் 4 கிலோமீட்டர் வேகத்தில் அரை மணி நேரம் நடந்தால் சுமார் 100 கலோரி. இடைப்பலகாரத்தில் இரண்டு கந்தரப்பம் எடுத்தால் திரும்பி வந்துவிடும், ஆகவே அந்த எண்ணைப் பார்த்துக் கணக்குப் போட வேண்டாம்.

பராமரிப்பு பெரிய வித்தை அல்ல. பெல்ட்டுக்கும் பலகைக்கும் நடுவே சிலிகான் எண்ணெய் இருக்க வேண்டும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெல்ட்டின் ஓரத்தைத் தூக்கி அடியில் விரலை நுழைத்துத் தடவினால் விரல் வழவழக்க வேண்டும். காய்ந்திருந்தால் இரண்டு பக்கமும் ஒரு கோடு எண்ணெய் விட்டு, ஆள் ஏறாமல் சில நிமிடம் ஓட்ட வேண்டும். தினம் நடக்கிற வீட்டில் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும். மெழுகு பூசிய பலகை என்று கையேட்டில் போட்டிருந்தால் எண்ணெயே வேண்டாம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய் எதையும் விட்டுவிடாதீர்கள். ஒரு வீட்டில் விளக்கெண்ணெய் விட்டிருந்தார்கள், பெல்ட் பலகையோடு ஒட்டிக்கொண்டு மோட்டார் முனகியது. பெல்ட் வலப்பக்கம் ஒதுங்கினால், பின்பக்க வலது போல்ட்டைக் கால் சுற்று மட்டும் இறுக்கி, ஒரு நிமிடம் ஓட விட்டுப் பார்க்க வேண்டும். இடப்பக்கம் என்றால் இடது போல்ட். முழுச் சுற்றுத் திருகினால் மறுபக்கம் ஓடிவிடும், ரொம்ப இறுக்கினால் ரோலர் பேரிங் போய்விடும். மாதம் ஒருமுறை மெஷினுக்கு அடியில் பெருக்கச் சொல்லுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மோட்டார் மூடியைத் திறந்து தூசியைப் பிரஷால் தட்டிவிட்டால் போர்டு பிழைக்கும். பல்லி உள்ளே போய்ச் செத்து போர்டைச் சுட்ட கதை நம் ஊரில் புதிதல்ல. வயர் நுழையும் ஓட்டைகளை வலையால் அடைத்துவிடுங்கள்.

இன்னொன்று, இதை உங்கள் குடும்பத்துக்காகவே சொல்கிறேன். பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் பேரன் பேத்திகள் வந்து இறங்குவார்கள். ஓடும் பெல்ட்டின் பின் முனையில் குழந்தையின் கை பட்டால் தோல் உரிந்து தீக்காயம் போல ஆகிவிடும், உள்ளேயும் இழுக்கும். அமெரிக்காவில் பெலோட்டன் நிறுவனம் 2021-ல் தன் டிரெட் பிளஸ் மெஷினைத் திரும்பப் பெற்றதே ஒரு குழந்தை இறந்து, பலருக்குக் காயம் பட்ட பிறகுதான். ஆட்கள் வந்திருக்கும் நாட்களில் பிளக்கைப் பிடுங்கி, சிவப்பு சாவியை எடுத்து அலமாரியில் பூட்டச் சொல்லுங்கள். சாவி இல்லாமல் பெல்ட் நகராது.

பழைய மெஷின் மலிவாக வருகிறது என்றால் வாங்கலாம், வாங்கி யாரும் நடக்காமல் கிடக்கும் மெஷின்கள் காரைக்குடியில் ஏராளம். ஆள் ஏறி நின்று 3-ல் ஓட்டிப் பாருங்கள், பெல்ட் விட்டுவிட்டு வழுக்கினாலோ கருகிய வாடை வந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். எதை எடுப்பதானாலும் பணம் கட்டுமுன் உள்ளூர் எலெக்ட்ரீஷியனை வீட்டுக்கு அனுப்பி எர்த்தைச் சோதித்துத் தனி லைன் போடச் சொல்லுங்கள். அது முடிந்த பிறகு டெலிவரி தேதி வாங்கினால் போதும்.